நாலாம் மேசையில் வாத்தியார் யார்

எங்கள் நூலகத்தின் ஆண்டு மலருக்கு நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லி நூலகர் கேட்டார். "நம்ம படிப்புத் திட்டத்துல சொல்லிக்கொடுக்க வர்றவங்க ஒருத்தரைப் பத்தி எழுதுங்க. இல்லன்னா படிக்க வர்றவங்க ஒருத்தரைப் பத்தி எழுதுங்க" என்றார். நானும் மடிப்பு சாரைப் பற்றி எழுதுகிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். பேனாவைத் திறந்த பிறகுதான் தலை சுற்றியது. அவர் இந்த இரண்டில் எது என்று எனக்கு இன்றுவரை தெளிவில்லை. அந்தக் குழப்பத்துக்கு முழுக் காரணமும் நான்தான் என்பதால் யாரையும் திட்டவும் வழியில்லை. திட்டாமல் எழுதுவது எனக்குக் கொஞ்சம் கஷ்டம்.

திட்டம் சாதாரணமானது. சனிக்கிழமை மாலை நாலு மணிக்குப் பின்கூடத்தில், பழைய செய்தித்தாள் அடுக்குக்குப் பக்கத்தில், ஆறு மேசை போடுவோம். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் வருவார்கள். சம்பளம் வாங்காமல் சொல்லிக்கொடுக்கச் சிலர் வருவார்கள். ஒரு மேசைக்கு இரண்டு பேர், ஒரு மணி நேரம். ஆனால் எங்கள் நூலகர் எதையும் சாதாரணமாக விடுகிறவர் இல்லை. முன்பு ஒருமுறை வாசல் மேசைக்கு வந்த ஒரு பெரிய மனிதரைப் பார்த்து யாரோ, "படிக்கவா வந்தீங்க?" என்று நாலு பேர் காதுபடக் கேட்டுவிட, அவர் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். அன்றிலிருந்து நூலகர் விதி போட்டார். இந்தக் கூடத்தில் யாரும் வாத்தியார் இல்லை, யாரும் மாணவர் இல்லை, எல்லாரும் சார், எல்லாரும் மேடம். யாரையும் எதற்கு வந்தீர்கள் என்று கேட்கக் கூடாது. அவர்களாகச் சொன்னால் சரி, சொல்லாவிட்டால் நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

புரிந்துகொள்கிற வேலை என் தலையில் விழுந்தது. என் மேசைக்குக் கீழே இரண்டு அட்டைப்பெட்டிகள். இடது பெட்டியில் சொல்லிக்கொடுக்கிறவர்களின் கார்டு, வலது பெட்டியில் படிக்கிறவர்களின் கார்டு. பதினாறு வருஷமாக வாசல் மேசையில் உட்கார்ந்து ஆள் பார்க்கிறவளுக்கு இது ஒரு வேலையா என்று எனக்குத் திமிர்.

மடிப்பு சார் முதல்முறை வந்தபோது அவர் சட்டையைத்தான் முதலில் பார்த்தேன். அப்படி ஒரு இஸ்திரி மடிப்பைக் கடைப் பொம்மையில்கூடப் பார்த்ததில்லை. நாங்கள் அவருக்கு மடிப்பு என்று பெயர் வைத்ததும் அதனால்தான். சட்டைப் பையில் தடியான ஒரு பேனா. ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். நான் ஆடையைப் பார்த்ததும் மீதிப் பாதியை நானே போட்டுக்கொண்டேன்.

"சனிக்கிழமை வகுப்புக்கு வரணும் மேடம். எட்டு வாரத்துல முடியுமா?" என்றார்.

"தாராளமா வாங்க சார். இதுல கொஞ்சம் எழுதணும்" என்று கார்டை நீட்டினேன்.

அவர் கார்டை வாங்கவில்லை. "நீங்களே எழுதிடுங்களேன். உங்க எழுத்து அழகா இருக்கு" என்றார்.

பதினாறு வருஷத்தில் யாரும் என் எழுத்தை அழகு என்று சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தையில் கவிழ்ந்தேன். சிரித்துக்கொண்டே எழுதி இடது பெட்டியில் போட்டேன். சொல்லிக்கொடுக்க வருகிறவர்களுக்குக் கொடுக்கிற தாளையும் ஒன்று எடுத்துக் கொடுத்தேன். அதில் எப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பன்னிரண்டு வரி இருக்கும். ஆசிரியர் என்ற சொல்லே கூடாது என்று நூலகர் அடம்பிடித்ததால் தலைப்பு இருக்காது. அவர் அதை நாலாக மடித்தார். ஓரத்தோடு ஓரம் அப்படிப் பொருந்தியது. பேனாவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றி" என்று சொல்லிப் போனார். அது தனக்குக் கொடுத்த முதல் பாடம் என்று அவர் நினைத்ததை நான் ஆறு வாரம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இனி அவர் யார் என்று சொல்ல வேண்டும். அவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவர். அப்பாவுக்குக் கட்டட வேலை. ஒரு கட்டடம் முடிந்தால் குடும்பமே மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் போகும். இவர் ஆறு பள்ளிக்கூடம் பார்த்திருக்கிறார். "ஆறுலயும் அ சொல்லிக்கொடுத்தாங்க மேடம். ஆ சொல்றதுக்குள்ள கட்டடம் முடிஞ்சிடும்" என்று பிறகு ஒருநாள் சொன்னார். பதினேழு வயதில் சலவைக்கூடத்தில் சேர்ந்தார்.

சலவைக்கூடத்தில் இரண்டு பக்கம் உண்டு. ஈரப் பக்கத்தில் மெஷினிலிருந்து நனைந்த போர்வைகளை இழுத்து வண்டியில் போட வேண்டும். முதுகு போகும், முட்டி போகும், கால் விரலிடுக்கு ஆறவே ஆறாது. பதினோரு வருஷம் அங்கே இருந்தார். பிறகு உலர்ந்த பக்கம் வந்தார். அங்கே உருளை இஸ்திரியிலிருந்து சூடாக வருகிற விரிப்புகளை மடித்து, எந்த வார்டுடையது என்று பார்த்துப் பிரித்து அடுக்க வேண்டும். ஒவ்வொரு வார்டுக்கும் மூலையில் ஒரு நிற நூல். சிவப்பு குழந்தைகளுக்கு, நீலம் எலும்புக்கு என்று பதினைந்து வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்தார். அவர் பையில் இருந்த தடிப் பேனா, கறை போகாத விரிப்பில் பெருக்கல் குறி போடுகிற மார்க்கர். அவர் வாழ்க்கையில் எழுதியதெல்லாம் அந்த ஒரு குறிதான்.

கொதிநீரில் நூல் சாயம் போகிறது என்று ஆஸ்பத்திரி திடீரென்று முடிவெடுத்தது. முதல் தேதியிலிருந்து எல்லா விரிப்புக்கும் ஒரே வெள்ளை லேபிள், அதில் வார்டின் பெயர் எழுத்தில். அன்று காலை ஒவ்வொருவராக சூப்பர்வைசர் மேசைக்கு வந்து பிரித்துக் காட்ட வேண்டும். படித்துப் பிரிக்கத் தெரிந்தவர்கள் இருக்கலாம், தெரியாதவர்கள் ஈரப் பக்கம். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. முட்டி வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். இருபத்தாறு வருஷம் கழித்து, எல்லோரும் பார்க்க, ஆரம்பித்த இடத்துக்கே திரும்பி நடப்பதைத்தான் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்தத் தேதிக்கு எட்டு வாரம் இருந்தது.

வீட்டில் மனைவிக்குப் படிக்கத் தெரியும். ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தும் பார்த்திருக்கிறார். "பொண்டாட்டிகிட்ட பாடம் படிச்சா, குழம்புல உப்பு இல்லன்னு சொல்ற உரிமைகூடப் போயிடுது மேடம்" என்றார் மடிப்பு சார். அதோடு அந்தப் பள்ளிக்கூடமும் முடிந்தது.

நாலாம் மேசையில் அவருக்கு எதிரில் நான் உட்கார வைத்தது சாவிக்காரம்மாவை. கடைத்தெருவில் சாவி அறுத்துக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறவர். கணவர் போன பிறகு கடையைத் தனியாக நடத்துகிறார். கடை உரிமத் தாளில் கைநாட்டு வைக்க வெட்கப்பட்டுப் படிக்க வந்தவர். வலது பெட்டி. அதில் தப்பே இல்லை, அவரே என் காதில் வந்து சொன்னார். ஆனால் சாவிப் பல் பார்ப்பதற்காகக் கழுத்தில் சங்கிலி போட்டுத் தடிக் கண்ணாடி ஒன்று தொங்கவிட்டிருப்பார். அதைக் கண்டதும் மடிப்பு சாருக்கு மரியாதை தானாக வந்துவிட்டது. சாவிக்காரம்மாவுக்கோ சட்டையைக் கண்டதும் வந்துவிட்டது.

ஆக, படிக்கத் தெரியாத இரண்டு பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, எதிரில் இருப்பவர் எப்போது ஆரம்பிப்பார் என்று காத்திருந்தார்கள். பாடப்புத்தகம் நடுவில் கிடந்தது. அதைத் திறப்பது வாத்தியார் வேலை என்று இருவருக்கும் நினைப்பு. படிக்க வருகிறவர்களிடம் நாங்கள், "முதல் சில வாரம் சும்மா பேசுவாங்க, பயப்படாதீங்க" என்று சொல்லி அனுப்புவோம். அதை நம்பி அந்த அம்மா பேச்சுக் கொடுக்க, இவரும் பேசினார். அவர் போர்வையைப் பற்றிச் சொன்னார், அந்த அம்மா பூட்டைப் பற்றிச் சொன்னார். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இருவரும் அப்படி ஒருவரை ஒருவர் கவனித்துக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மூன்றாம் மேசையில் சிடுசிடுவென்று சொல்லிக்கொடுக்கிற ஓய்வுபெற்ற தபால் அதிகாரியிடம், "நாலாம் மேசையைக் கொஞ்சம் பாருங்க சார், எவ்வளவு பொறுமை" என்று நானே வாய் திறந்து சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மூன்றாவது வாரம் மடிப்பு சாருக்குப் பொறுக்கவில்லை. நம் மண்டை அவ்வளவு மோசம் என்று இந்த மேடம் தொடங்கவே தயங்குகிறார் போல என்று நினைத்து, பையிலிருந்த தாளை எடுத்து ஒரு எழுத்தைக் காட்டினார்.

"மேடம், இது என்னது?"

சாவிக்காரம்மாவுக்கு வியர்த்துவிட்டது. சார் பரீட்சை வைக்கிறார். "அடுத்த வாரம் சொல்றேன் சார்" என்றார்.

யோசிக்க ஒரு வாரம் டைம் கொடுக்கிறாரே, என்ன ஒரு முறை என்று மடிப்பு சார் வியந்தார். சாவிக்காரம்மா அந்த எழுத்தைச் சாவியின் பல் மாதிரி மனதில் அச்செடுத்துக்கொண்டு போய், கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளரிடம் வேறு எதையோ கேட்பது போலக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அடுத்த வாரம் வந்து, "அது வ சார்" என்று ஒப்பித்தார். மடிப்பு சார் பயபக்தியோடு தலையாட்டினார். பாஸ் என்று அந்த அம்மா பெருமூச்சு விட்டார்.

அப்புறம் வாரத்துக்கு நாலைந்து எழுத்து. சில சமயம் அந்த அம்மா கடைப் பலகையிலிருந்து ஒன்றை வரைந்துகொண்டு வந்து, "இது சரியா சார்?" என்பார். மடிப்பு சார், "யோசிச்சுட்டு வர்றேன்" என்று அதைத் துணியில் மார்க்கரால் போட்டுக்கொண்டு போய், சலவைக்கூடத்தில் ஒரு எழுத்துக்கு ஒரு ஆள் என்று பிரித்துக் கேட்பார். ஒரே ஆளிடம் இரண்டு எழுத்து கேட்டால் குட்டு வெளிப்படுமே. வீட்டில் இருக்கிற நேரம் தாளை விரித்து, போர்வை பிரிக்கிற மாதிரி, எந்த எழுத்து எங்கெங்கே மறுபடி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆறாவது சனிக்கிழமை, நாலு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால், என் மேசைக்கு வந்தார்.

"மேடம், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க சார்."

தாளை விரித்து, விரலை வைத்து, முதல் வரியைப் படித்தார். "அ... வ... ச... ர... அவசரப்... படுத்தாதீர்கள். படிக்க வந்தவர்... தம் வேகத்தில்... படிக்கட்டும்." முடிப்பதற்குள் நெற்றியெல்லாம் வியர்வை.

நான் சிரித்தேன். "அப்படியே புதுசா படிக்கிறவங்க மாதிரியே நடிக்கிறீங்க சார்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இந்த ஒரு வரிக்கு எனக்கு ஆறு வாரம் ஆச்சு. அது பரவாயில்ல. படிக்க வந்தவர்னு போட்டிருக்கே, அது நான்தானே? அப்ப அவசரப்படுத்தாதீங்கன்னு யாருகிட்ட சொல்லுது? இந்தத் தாளை எதுக்கு என்கிட்ட கொடுத்தீங்க?"

எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது. குனிந்து இடது பெட்டியில் அவர் கார்டைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். மறுபடி கார்டைப் பார்த்தேன். என் அழகான எழுத்து அதில் சிரித்தது.

"அப்ப உள்ள உக்காந்திருக்காங்களே, அந்த மேடம்?"

சொல்லக் கூடாது என்று விதி. சொன்னேன். அவர் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். தாளை நாலாக, எட்டாக, பதினாறாக மடித்தார்.

"எனக்கு இன்னும் ரெண்டு வாரந்தான் மேடம் இருக்கு. உங்களுக்கென்ன, இந்தப் பெட்டியில இருந்து எடுத்து அந்தப் பெட்டியில போட்டா முடிஞ்சுது" என்றார். குரலை உயர்த்தவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. என் மேல் எனக்கே அவ்வளவு கோபம்.

இருவரும் நாலாம் மேசைக்குப் போனோம். சாவிக்காரம்மா அந்த வாரத்து எழுத்துகளை வரிசையாகத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, கண்ணாடியும் மாட்டித் தயாராக இருந்தார். மடிப்பு சார் உட்காராமலே சொன்னார்.

"மேடம், நானும் படிக்கத்தான் வந்தேன். எனக்கு எதுவும் தெரியாது."

அந்த அம்மா திருதிருவென்று முழித்தார். "அப்ப நான் இத்தனை நாளா யாருகிட்ட சார் படிச்சேன்?"

"அதுதான் மேடம் எனக்கும் புரியல."

"நீங்க கேட்ட எழுத்தெல்லாம்?"

"தெரியாமத்தான் கேட்டேன்."

"நான் சொன்னது சரியா தப்பான்னு தெரியாமயேவா தலையாட்டினீங்க?"

"நீங்க தப்பா சொல்லுவீங்களா மேடம்?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் அந்த அம்மா எழுதி வைத்த தாளை எடுத்துப் பார்த்தேன். அத்தனையும் சரி. அப்படிச் சொன்னதும் சாவிக்காரம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

செய்த தப்புக்குப் பரிகாரமாக, தபால் அதிகாரியை வாரநாட்களில் மாலை வரச் சொல்லி மடிப்பு சாரை அவரிடம் ஒப்படைத்தேன். அது அடுத்த தப்பு. அந்த மனிதர் நல்லவர்தான், ஆனால் பென்சிலால் மேசையைத் தட்டிக்கொண்டே, "ம், ம், சீக்கிரம்" என்பவர். மூன்று நாளில் மடிப்பு சார் தெரிந்த எழுத்தையும் மறந்தார். நாலாம் நாள் என்னிடம் வந்து, "என்னைப் பழைய மேசைக்கே விட்டுடுங்க" என்றார்.

"அங்க இருக்கிறது வாத்தியார் இல்ல சார்."

"தெரியும் மேடம். ஆனா அங்கதான் மண்டைல ஏறுது."

கடைசியில் நானே மூன்றாவது நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பொறுமைக்கும் எனக்கும் வெகுதூரம். ஆகவே, வாயைத் திறப்பதில்லை என்று முடிவெடுத்து, எட்டு வார்டுப் பெயர்களையும் பழைய கார்டுகளின் பின்பக்கம் எழுதி மட்டும் கொடுத்தேன். கண், காது, காய்ச்சல், எலும்பு, இதயம், பிரசவம், குழந்தைகள், தீவிர சிகிச்சை. சாவிக்காரம்மா தினமும் கடையை அரை மணி முன்னதாகச் சாத்திவிட்டு வந்தார். அவருக்கு அந்த எட்டுப் பெயரால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. காதும் காய்ச்சலும் மாறி மாறிப் போய் மடிப்பு சார் தவித்தபோது அவர்தான் வழி சொன்னார்.

"ரெண்டுக்கும் முதல் பல்லு ஒண்ணுதான் சார். ஒரே மாதிரி சாவி ரெண்டு இருந்தா நாங்க முதல் பல்லைப் பாக்கவே மாட்டோம். ரெண்டாவதைப் பாருங்க."

முதல் தேதி எனக்கு வேலையே ஓடவில்லை. நூலகர் கேட்ட புத்தகத்துக்கு வேறு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். சனிக்கிழமை அவர் வருகிறவரை ஒன்றும் தெரியாது. வந்தார். சட்டை மடிப்பில் மாற்றமில்லை. முகத்தைப் பார்த்தும் ஒன்றும் புரியவில்லை. ஆளைப் பார்த்துப் புரிந்துகொள்கிற வேலையை நானும் விட்டுவிட்டேன்.

"என்ன சார் ஆச்சு?" என்று நேராகவே கேட்டேன்.

மெதுவாகச் சொன்னார். அவருக்குக் கொடுத்தது முப்பது விரிப்பு. வரிசையில் பின்னால் ஐந்து பேர். சூப்பர்வைசர் கையில் கடிகாரம். பத்தொன்பது விரிப்பைப் பிரித்துவிட்டார். இருபதாவதில் கா என்று பார்த்ததும் நின்றுவிட்டார். காதா, காய்ச்சலா? மாற்றிப் போட்டால் காய்ச்சல் வார்டுத் துணி காதுக்காரர்களிடம் போய்விடும். "சீக்கிரம் சொல்லுங்க, பின்னால ஆளுங்க நிக்கறாங்க" என்றார் சூப்பர்வைசர். அவ்வளவுதான், லேபிளில் இருந்த எழுத்தெல்லாம் அழிந்துபோன மாதிரி இருந்ததாம். பெருக்கல் குறி போடுகிற பழக்கத்தில் கை தானாகப் பேனாவுக்குப் போனது. பேனாவோடு அந்தத் தாளும் வந்தது.

"அதை அவர்கிட்ட நீட்டினேன் மேடம். முதல் வரிய மட்டும் படிங்க சார்னு சொன்னேன்."

"படிச்சாரா?"

"சத்தமாவே படிச்சார். அவசரப்படுத்தாதீர்கள், படிக்க வந்தவர் தம் வேகத்தில் படிக்கட்டும். கூடமே கேட்டுச்சு. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு அப்பத்தான் எல்லாருக்கும் தெரிஞ்சுது. போகட்டும்னு விட்டுட்டேன்."

சூப்பர்வைசர் தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். மடிப்பு சார் இரண்டாவது பல்லைப் பார்த்தார். காய்ச்சல். மற்றவர்களைவிட இரண்டு பங்கு நேரம் ஆனது. முப்பதில் ஒன்றும் மாறவில்லை. உலர்ந்த பக்கமே இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

அவர் கார்டை எடுத்துக்கொண்டு இரண்டு பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ நகராமல் நின்றார்.

"இன்னும் என்ன சார்?"

"அந்தத் தாளை சூப்பர்வைசர் மேசைக்கு மேல ஒட்டிட்டார். எனக்கு வேற ஒண்ணு வேணும். அதுல இன்னும் பதினோரு வரி பாக்கி இருக்கு மேடம்."

அவருக்குப் பின்னால் சாவிக்காரம்மாவும் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அந்தத் தாள் சொல்லிக்கொடுக்க வருகிறவர்களுக்கு மட்டும் என்பது விதி. கட்டிலிருந்து இரண்டு எடுத்துக் கொடுத்தேன்.